றெஜினா அக்கா விட்டுப்போன வெள்ளை இடம்

அனலைதீவிலிருந்து எங்கள் பள்ளிக்கூட அதிபர் தொலைபேசியில் அழைத்தபோது வாடைக்காற்று வீட்டு ஓடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. "றெஜினா ரீச்சர் போயிட்டா" என்றார். காலையில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவர, அந்தக் கடலில் ஒருவராலும் படகை இறக்க முடியவில்லை. எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பாலத்தை அவரே சுவரில் சித்திரமாகக் கீறி வைத்திருந்தார்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தச் சுவர் தெரியும். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகுக்குக் காத்திருக்கும் மண்டபத்தில், அனலைதீவை நோக்கிப் போகும் அந்த நீளமான பாலம். அவர் சித்திர ஆசிரியை, நான் கணிதம். அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே படகில்தான் போய்வந்தோம். படகு கொஞ்சம் சரிந்தாலே அவர் கையை நசுக்கிவிடுவேன். காற்றுக்காலத்தில் அவர் அனலைதீவிலேயே தங்கிவிடுவார், நான் வீட்டில் நின்றுவிடுவேன்.

"இல்லாததை இருக்கெண்டு காட்டினால் சனம் நம்பி ஏமாறுமெல்லோ அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அந்தோனி அண்ணை வந்துவிட்டார். கடற்தொழில் செய்பவர். சுவரைப் பார்த்துச் சண்டைக்கே வந்தார். "ரீச்சர், பாலம் பதிவாக் கிடக்கு. என்ர வள்ளம் கீழாலை போகாது."

"ஓம் அண்ணை, பிழைதான்" என்று றெஜினா அக்கா வளைவை அழித்து உயர்த்திக் கீறினார். பிறகு என்னிடம் திரும்பினார். "பாத்தீரோ? நேற்று வரைக்கும் பாலம் வராது எண்டு சொன்ன மனிசன், இண்டைக்கு எப்பிடி வரவேணும் எண்டு சொல்லுறார். சித்திரத்துக்கு வேற என்ன வேலை? உமக்கு என்ன வேணும், சொல்லும்."

"கைபிடி" என்றேன். பாலத்தில் அது இருக்கவில்லை.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பயந்த ஆக்களைக் கேட்டுத்தான் ஊரைக் கீறவேணும். பயமில்லாதவைக்குக் கைபிடி ஞாபகம் வராது" என்று தூரிகையை என் கையில் திணித்தார். நான் கணித வகுப்பு அடிமட்டத்தை வைத்துக் கைபிடிக்கு நேர்கோடு போட்டதை ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணினார். ஆனால் பாலத்தின் கடைசித் துண்டை, அனலைதீவுக் கரைக்கு முன்னால், வெள்ளையாகவே விட்டுவிட்டார். அதையும் தானே கீறினால் பாலம் ஊருடையதாக இல்லாமல் தன்னுடையதாகிவிடும் என்பார்.

அந்த வெள்ளை இடத்தைத்தான் அவர் போனபிறகு ஒருவராலும் பார்க்க முடியவில்லை. படகுக்குக் காத்திருப்பவர்கள் சுவருக்கு முதுகு காட்டியே இருந்தார்கள். அழித்துவிடுவோம் என்று பேச்சு எழுந்தது. எனக்கு இரண்டுக்கும் பயம். சுவர் இருந்தால் நாளும் அதைத் தாண்டிப் படகேற வேண்டும். அழித்துவிட்டால், ஒரு பாலம் வேண்டும் என்று நாங்கள் கேட்டதே இல்லாமல் போய்விடும்.

பள்ளிக்கூடம் அவருக்காக ஒழுங்குசெய்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு அக்கரைக்குப் போய்த் திரும்பினேன். அலை அடித்தபோது பக்கத்தில் கையைத் தேடினேன், வெறும் பலகைதான் இருந்தது. இறங்குதுறை மண்டபத்தில், சுவருக்கு முன்னால் அந்தோனி அண்ணை சுண்ணாம்பு வாளியோடு நின்றார்.

"அடிக்கட்டோ ரீச்சர்?"

"பொறுங்கோ அண்ணை. கடைசித் துண்டைக் கீறப்போறன். அம்புலன்ஸ் திரும்ப இடம் காணுமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நான் போட்ட முதற் கோடுகளுக்கு இடையில் சாண் வைத்து அளந்தார். "காணாது. இன்னும் அகட்டுங்கோ" என்றார்.

றெஜினா அக்காவின் துணிச்சல் எனக்கு வரவில்லை. அவர் என் பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தார், அதை வைத்திருக்கிறேன். கைபிடி இன்னும் அனலைதீவுக் கரையைத் தொடவில்லை. கோடு கோணலாக வருகிறது. அடிமட்டத்தை நான் எடுக்கவில்லை.