எல்லா செல்லுக்கும் பொட்டு

விஜயதசமியன்று காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் நின்றுகொண்டு என் கேமராவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். லென்ஸ் வெளியே வரும்... ஒரு நொடி எட்டிப் பார்க்கும்... சட்டென்று உள்ளே போய்விடும். திரையில் 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று எழுதிக் காட்டும்.

எதிரே தாமிரபரணி. படியில் துண்டோடு நிற்பவன் என் மச்சினன் சங்கரன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாக்பூரில் வேலை பார்த்துவிட்டு, போன வருடம்தான் மாற்றலாகி ஊருக்கு வந்தான். திருநெல்வேலியில் பிறந்தும் நீச்சல் தெரியாது. இந்த ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? சென்னையில் இருக்கும் அவனுடைய அண்ணன், "பக்கெட்டுத் தண்ணியப் பாத்தே பயப்படுதவன்லா அவன்!" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி குரல் பதிவு போடுவார். அண்ணன் போகட்டும், சங்கரனின் மனைவி வடிவும் அதற்குச் சிரிக்கும் பொம்மை போடுவாள். அதுதான் அவனுக்கு ரோஷம்.

பல மாதமாக யாருக்கும் சொல்லாமல் பயிற்சி எடுத்தான். விஜயதசமி நல்ல நாளாயிற்றே... அன்றைக்கு அக்கரை வரை நீந்திக் காட்டுகிறேன் என்று குழுவில் அறிவித்துவிட்டான். துணைக்கு நன்றாக நீந்தத் தெரிந்த இரண்டு நண்பர்கள், காற்றடைத்த டியூபோடு. சாட்சிக்கு நான்.

"அத்தான், என் மூஞ்சி தெளிவா விழணும். செல்போன்ல எடுத்தா, ஏதோ எருமமாடு போவுதுன்னு சொல்லிருவாரு அண்ணன்."

நியாயம்தானே? அதனால்தான் என் ஜூம் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். பழைய மாடல். நான்கு பென்சில் செல் போட வேண்டும்.

இங்கே எங்கள் வீட்டு செல் கதையைச் சொல்லியாக வேண்டும். கேமரா, டிவி ரிமோட், டார்ச் — எல்லாவற்றுக்கும் ரீசார்ஜபிள் செல்தான். வாங்கிய புதிதில் ரொம்பப் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு தொல்லை. சார்ஜ் ஏறியதும் ஏறாததும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்! தனித்தனி டப்பாவில் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் இரண்டு டப்பாவும் கலந்துவிட்டன. மூன்று முழு செல்லோடு ஒரு காலி செல் சேர்ந்தாலும் போதும், கேமரா படுத்துக்கொள்ளும்.

வழி கண்டுபிடித்தவள் என் மனைவி கோமதி. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததும் செல்லை எடுத்து, அதன் வயிற்றில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுவாள். பொட்டு இருந்தால் நிறைந்த செல். கருவிக்குள் போடும்போது துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்! இதற்குக் காப்புரிமை வாங்கலாம் என்றுகூட நான் சொன்னதுண்டு.

எல்லாம் ஆயுத பூஜை வரைக்கும் ஒழுங்காகத்தான் நடந்தது. முதல் நாள் வீட்டிலுள்ள கத்தி, கத்தரிக்கோல், தையல் மிஷின், ஸ்கூட்டர் அத்தனைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கேமராவுக்கும் வைத்தாள். சார்ஜருக்கும் வைத்தாள். பக்திப் பரவசத்தில்... டப்பாவில் இருந்த செல் ஒன்று விடாமல் வைத்துவிட்டாள்! பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தொட்டிருந்தால் இரவே கண்டுபிடித்து சார்ஜ் போட்டிருப்பேன். காலையில் கற்பூரம் காட்டிய கையோடு, பொட்டைப் பார்த்து நம்பி, நான்கை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

டப்பா கோமதியின் கைப்பையில் இருந்தது. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எது முழுசு, எது காலி? எல்லாமே மங்களகரமாக இருந்தன.

"ஏங்க, சாமிக்கு வச்சது... எது எதுன்னு நான் எங்க பாத்தேன்?" என்றாள் கோமதி.

சங்கரனின் முகம் வாடிவிட்டது. "போட்டோ இல்லைன்னா நான் இறங்கி என்னத்துக்கு அத்தான்?"

அப்போதுதான் மேல்படியில் உட்கார்ந்திருந்த வடிவின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷின்! கணவனை நம்பாத மனைவி, இறங்கும் முன்பு ஒருமுறை, ஏறிய பிறகு ஒருமுறை அளக்க வேண்டும் என்று ஆற்றங்கரைக்கே கொண்டுவந்திருந்தாள். முதல் அளவு அப்போதுதான் முடிந்திருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அந்த மிஷினுக்குள்ளும் நான்கு பென்சில் செல்.

"வடிவு, அதக் கொஞ்சம் தாம்மா."

"நல்லாருக்கே அண்ணாச்சி! அவுக ஏறி வந்தா எதவச்சுப் பாக்க?"

"ஏறி வந்தாலே நல்லாத்தான் இருக்கான்னு அர்த்தம். குடு தாயி" என்றாள் கோமதி. வடிவு மனசே இல்லாமல் கொடுத்தாள்.

அவை சாதாரண செல். நாலைந்து படம் தாங்கினால் பெரிது. வீணாக்கக் கூடாது என்று விரலைக் கட்டுப்படுத்திக்கொண்டேன்.

"ஏலே சங்கரா, அவசரப்படாத! பைய போ!" என்று கோமதி கத்தினாள். வடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நெல்லையப்பரைக் கூப்பிட ஆரம்பித்தாள். சங்கரன் போனான். நடு ஆற்றில் ஒரு படம், முகம் பளிச்சென்று விழுந்தது. அக்கரையில் பாறையைப் பிடித்து ஏறும்போது இன்னொன்று. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு கூத்தாடினான் பாருங்கள், அதையும் எடுத்தேன். கேமரா அத்தோடு கண்ணை மூடிவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

பாலத்தைச் சுற்றி ஆட்டோவில் திரும்புவான் என்று பேச்சு. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியவன், நண்பர்களையும் இழுத்துக்கொண்டு திரும்பவும் தண்ணீரில் குதித்தான்! "ஐயோ, போனவுக திரும்பியும் வாராகளே!" என்று வடிவு எழுந்துவிட்டாள். முந்தானையும் விலகிவிட்டது. வாயைப் பிளந்தபடி, இமைக்காமல், அவன் படி ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதையும் எடுத்தீங்களா அத்தான்?"

"செல் தீந்துபோச்சுப்பா."

அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வடிவு அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "போம்போது பயத்துல நான் பாக்கவே இல்லங்க" என்றாள் மெதுவாக. "நாளைக்கும் ஒருக்கா போயிட்டு வாங்களேன்... நான் முன்னாலயே வந்து உக்காந்துக்கிடுதேன்."

நாளைக்குக் கேமராவோடு வரவேண்டுமா என்று என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!