கூடையில் வைத்த பளிங்கு முட்டை

என் மேஜைமேல் ஒரு பளிங்கு முட்டை இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். பார்த்தால் கோழிமுட்டைதான், கையில் எடுத்தால்தான் கனம் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்ததற்குப் பள்ளியில் தந்த பரிசு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், வீட்டுக்கு வந்த முதல் பரிசும் அதுதான். அம்மா அதை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "அடைக்கு வெச்சா குஞ்சு பொரிச்சிரும் போல" என்று அப்பா சிரித்தார்.

அப்பா அப்போது யமுனைக் கரையில் ஓர் அரசாங்க நர்சரியில் மாலி, அதாவது தோட்டக்காரர். இன்று மயூர் விஹாரின் அடுக்கு வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கிற பக்கம் அன்று வயலும் நாணலுமாகக் கிடந்தது. நாற்றுப் பாத்திகளுக்கு நடுவே எங்களுக்கு ஒற்றை அறை, தகரம் போட்ட அடுக்களை, அதற்குப் பின்னால் அம்மாவின் கோழிக்கூடு. சேலம் பக்கத்து எங்கள் வறண்ட ஊரில்கூட நாங்கள் அத்தனை பாம்புகளைப் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் ஆறு ஏறினால் பாம்பெல்லாம் மேடு தேடி வரும். அங்கே மேடு என்பது எங்கள் வீடுதான். செருப்பை உதறாமல் கால் விடமாட்டோம். விறகை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எடுப்போம். கோழிக்கூட்டுக்குள் கை விடும் முன் அம்மா தகரத்தைத் தட்டி, "வழி விடு சாமி" என்பாள். கூட்டுக்குப் பின்னாலிருந்த செங்கல் குவியலில் ஒரு நல்ல பாம்பு வெகுநாளாகக் குடியிருந்தது. நர்சரிக் காவலுக்கிருந்த சௌகிதார் அதை அடிக்கத் தடியோடு வந்து வந்து நிற்பார், அம்மா விட்டதேயில்லை. இந்த மதராஸிகள் கோழியோடு பாம்பையும் சேர்த்து வளர்க்கிறார்கள் என்று அவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வளர்த்தாள் என்றுகூடச் சொல்லலாம். கோழி முட்டையிடுகிற கூடையில் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டுவைப்பது எங்கள் ஊர் வழக்கம். மொத்தமும் எடுத்துவிட்டால் கோழி அந்த இடத்தை வெறுத்துப் புதரில் போய் இட்டுவிடும். அப்படி விட்டுவைத்த முட்டை சில நாட்களில் காணாமல் போகும். அம்மா முகம் சுளிக்காமல் இன்னொன்றை வைப்பாள். "அது பங்க அது எடுத்துக்குது. நம்ம புள்ளைங்க பக்கம் வருதா, பாரு" என்பாள். வாய் திறந்து பேசிக்கொள்ளாத உடன்படிக்கை அது. நாங்கள் கடிபடாமல் வளர்ந்ததே அதனால்தான் என்று அவள் நம்பினாள்.

நான் பத்தாம் வகுப்புக்குப் போன கோடையில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வெயிலில் கோழிகள் முட்டையைக் குறைத்திருந்தன. அந்தச் சமயம் பார்த்து நான் பள்ளியில் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்தேன். வாத்தியார் அப்பாவை வரச்சொல்லி, படிக்கிற பையன், தினம் ஒரு முட்டையாவது கொடுங்கள் என்றார். பள்ளி இருந்த லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஆற்றுப் பாலம் வரை பஸ்ஸில் அப்பா என் கையைப் பிடித்தபடியே வந்தார். மறுநாளிலிருந்து அக்காவுக்கு ஒரு முட்டை, எனக்கு ஒரு முட்டை. எனக்கு வந்தது, கூடையில் விட்டுவைக்கும் முட்டை. அதன் இடத்தில் அம்மா என் பளிங்கு முட்டையை வைத்தாள். கோழிக்குச் சந்தேகம் வராதிருக்க, கூட்டு வைக்கோலில் நன்றாகப் புரட்டி வாடை ஏற்றி வைத்தாள். "உன் பரிசு வேலைக்கு உதவுது பாத்தியா" என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மிளகும் உப்பும் தூவிய அவித்த முட்டையைத் தின்றுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஒரு காலையில் தண்ணீர்த் தொட்டியின் ஈரத்தில் அந்தப் பாம்பு கிடந்தது. தலைக்குச் சற்றுக் கீழே, தோல் வெடித்துவிடும்போல ஒரு புடைப்பு. வாயைத் திறந்து திறந்து கக்கப் பார்த்தது, முடியவில்லை. அம்மா ஒரு கணம் பார்த்தாள். கூட்டுக்கு ஓடினாள். வெறுங்கூடையைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்து அதன் எதிரில், எட்டத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கோழிய ஏமாத்தத்தான் வெச்சேன். இதுவும் ஏமாறும்னு எனக்குத் தோணலியே" என்றாள். சௌகிதார் இந்த முறை சிரிக்கவில்லை. ஒரே அடி, அண்ணி, அதன் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா குறுக்கே கையை நீட்டிவிட்டாள். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று இன்று தோன்றுகிறது. அன்றைய முட்டையைக் கொண்டுபோய் அதன் முன்னால் உருட்டி வைத்தாள். அது திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் அடங்கிவிட்டது. கல்லோடு அனுப்பக் கூடாது என்று அப்பா அறுத்து வெளியே எடுத்தார். பிறகு ஊர் வழக்கப்படி பால் ஊற்றி, மனிதரை எரிப்பதுபோல ஆற்றோரம் எரித்தோம். விறகு கொண்டுவந்தவர் சௌகிதார். பளிங்கு முட்டையை ஆற்றில் வீசிவிட அப்பா கையை ஓங்கினார். "வேணாம். அவன் பரிசு" என்றாள் அம்மா.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அம்மா எல்லாம் செய்தாள். மருந்து அரைத்தாள், துணி அலசினாள், வெந்நீர் போட்டாள். குழந்தையை மட்டும் கையில் வாங்கவில்லை. குளிப்பாட்டக்கூட நர்சரியில் களையெடுக்கும் ஒரு கிழவியைக் கூப்பிட்டாள். நல்ல பாம்பைக் கொன்ற கை பிள்ளைமேல் பட்டால் பழி பிள்ளைக்குப் போகும் என்பது அவள் பயம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா வேறுவிதமாகப் புரிந்துகொண்டாள்.

"பொட்டப்புள்ளன்னா தொடக்கூட மாட்டியா, ம்மா?"

அடுப்பைப் பார்த்தபடியே அம்மா சொன்னாள்: "இது கல்லு வெச்ச கை."

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, அம்மாவின் மடியில் குழந்தையைப் போட்டாள். "நீ வெச்சது கல்லு. மிச்சம் புடிச்ச முட்டைய இங்கதான தின்னோம்? பாவம்னா எனக்கும் சேத்துதான். இவளுக்கும் வயித்துலயே வந்து சேந்திருச்சு. இனிமே என்ன, புடி" என்றாள். அம்மாவின் கைகள் சற்று நேரம் தரையிலேயே இருந்தன. குழந்தை நழுவப் பார்த்தபோது தாமாக எழுந்து பிடித்துக்கொண்டன.

நான் வாசற்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா தின்றது அவளுக்கென்று எடுத்த முட்டை. அந்தப் பாம்பின் முட்டையைத் தின்றவன் நான். அதை அக்காவும் அறிவாள், அம்மாவும் அறிவாள். இருவரும் என் பக்கம் திரும்பவில்லை. படிக்கிற பிள்ளையிடம் எதைப் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டார்கள்போல. நானும் பக்கத்தைப் புரட்டினேன்.

இப்போது எனக்கு அரசாங்க வேலை, பள்ளிக்கு பஸ் பிடித்து வந்த அதே லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். கோழியில்லை, பாம்பில்லை, முட்டை மார்க்கெட்டிலிருந்து அட்டையில் வருகிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். மேஜையைத் துடைக்கும்போது அந்தக் கல்லைத் தூக்கமாட்டாள். சுற்றித் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நான்தான் அதைத் தூக்கி வேறெங்காவது வைக்கவேண்டும். வைக்கவில்லை. உன் பங்கு இது என்று யாரும் என் கையில் கொடுக்காததால், அதையாவது கண்ணெதிரே வைத்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

படிப்பு முடிந்து வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் அம்மா தினம் ஒரு முட்டை அவிக்கிறாள். இன்று காலையும் உரித்து, மிளகு தூவி, மேஜையில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தட்டை வைத்தாள். "ஆறிரும், தின்னு" என்றாள்.

தின்றேன்.