பாகத்துக்குப் பாகம் செத்துப்போன செல்வராணி அக்கா

திகில் கதை எழுதுறவனுக்கு இருட்டப் பார்த்துப் பயம் வராதுங்க, தெரிஞ்ச ஆளுங்க நெறைஞ்ச பஸ்ஸப் பார்த்தாத்தான் பயம் வரும். ஏறி உக்காந்ததும் யாராவது ஒருத்தர் கேட்டுருவாங்க, "அடுத்த பாகம் எப்ப தம்பி?"

என் பொழப்பு இதுதான். கேகாலை டவுன்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, சிவா அண்ணன் ஒரு டியூஷன் கொட்டகை வெச்சிருக்காரு. பிள்ளைங்க இல்லாத நேரம் அதுதான் எங்க ஸ்டூடியோ. அங்கருந்துதான் 'வெள்ளை உயிர்'ங்கிற ஒலித்தொடர் இணையத்துல போகுது. வானத்துலருந்து ஒரு கல்லு வந்து றப்பர் தோட்டத்துப் பால் தொட்டியில விழும். பாலுக்கு உயிர் வந்துரும். அது எழும்பி வந்து ஆளுங்கள முழுங்கும். விஞ்ஞானமும் இருக்கு, திகிலும் இருக்கு. தொடர நடத்துறது அண்ணன், எழுதுறது நானு. மொதல் பாகத்தோட முடிஞ்சிருக்க வேண்டியது, இழுத்து இழுத்து ஏழாம் பாகத்துக்கு வந்து நிக்குது. கல்யாண வீட்டுல ரெண்டு வார்த்தை பேச எழும்பி, எப்படி முடிக்கிறதுன்னு தெரியாம பேசிக்கிட்டே நின்ன அனுபவம் ஒங்களுக்கு இருந்தா, என் வேதனை ஒங்களுக்கு நல்லாவே வெளங்கும்.

அசிட் வாளி

எங்கப்பாவுக்கு றப்பர் பெக்டரியில வேலை. வெட்டுன பால் வந்ததும் தட்டுல ஊத்தி, அசிட் கலந்து வெப்பாங்க. மறுநாள் பால் கட்டியாகிரும். மிஷின்ல குடுத்து எடுத்தா றப்பர் சீட்டு. எங்க தோட்டத்துல இது தெரியாத ஆளே கெடையாது. எனக்கும் நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான், கதையில ஒருத்தனும் அசிட் வாளியத் தொடாமப் பார்த்துக்கிட்டேன். தொட்டா கதை முடிஞ்சுருமே! விஞ்ஞானி வருவாரு, பட்டாளம் வரும், கரண்ட் பாய்ச்சுவாங்க, நெருப்பு வெப்பாங்க. அசிட் மட்டும் மூலையில சும்மா கெடக்கும்.

மொதல் பாகம் வந்த அன்னைக்கு, அப்பா போன சத்தமா வெச்சு முழுசும் கேட்டாரு. ஒரே வரிசையா வீடு ஒட்டியிருக்கிற எங்க லயத்து ஆளுங்க எல்லாரும் வாசல்ல உக்காந்திருந்தாங்க. பாராட்டப்போறாருன்னு நான் நெளிஞ்சுக்கிட்டு நிக்கிறேன். அப்பா போன அணைச்சுட்டு என்னைய ஏற எறங்கப் பார்த்தாரு. "ஏன்டா, ஒரு வாளி அசிட் ஊத்துனா அது சீட்டாயிருமேடா?"

மழை வந்தா ரெக்கோடிங்

மொதல்ல பயந்து கத்துறதுக்கு டவுன்லருந்து ஒரு பிள்ளையக் கூட்டிட்டு வந்தோம். அது கத்துனது தோள்ல பல்லி விழுந்த மாதிரி இருந்துச்சு. அப்பதான் எங்க லயத்துல, எங்க வீட்டுக்கு ரெண்டு காம்பரா தள்ளி இருக்கிற செல்வராணி அக்காவக் கூப்பிட்டேன். பால் வெட்டுறவங்க. புருஷன் முருகேசு அண்ணன் கத்தாருக்குப் போயி கட்டட வேலை செய்றாரு. அக்கா மைக்குக்கு முன்னால நின்னு சேலையச் சொருகிக்கிட்டு ஒரே ஒரு தடவ கத்துச்சு. பக்கத்துக் கடை முதலாளி பொல்லுத் தடியோட ஓடி வந்துட்டாரு.

ஒரு சிக்கல். வெயில் நாள்ல அக்கா மலையில நிக்கணும். மழை பேஞ்சாத்தான் பால் வெட்டு இல்ல. அதனால மழை நாள்தான் எங்க ரெக்கோடிங் நாள். கொட்டகைக்கோ தகரக் கூரை. நம்ம பக்கத்து மழையப் பத்தி நான் சொல்லணுமா? எல்லா பாகத்துலயும் பின்னால சோன்னு மழை கொட்டும். தோட்டத்துல நடக்கிற கதைக்கு அது பொருத்தமா இருந்துச்சு, கேட்டவங்களும் ஆஹான்னாங்க. நாலாம் பாகத்துல சிவா அண்ணன் கதைய விண்கப்பலுக்கு ஏத்திட்டாரு. அங்கயும் மழை! வானத்துக்கு மேல எங்கருந்துடா மழைன்னு ஊரே கேக்குது. நான் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு அண்ணன்கிட்ட சொன்னேன். அவரு அசரவே இல்ல. "அது மழை இல்லடா, கப்பல் மேல கல்லு விழுற சத்தம்னு ஒரு வரி போடு!"

வெளக்கமாறு

தொடர நீட்டுறதுக்கு சிவா அண்ணன்கிட்ட ஒரு வழி இருக்கு. எடத்த மாத்து, காலத்த மாத்து, பிசாச ரெண்டாக்கு. தோட்டம் முடிஞ்சா கொழும்பு, கொழும்பு முடிஞ்சா வானம், வானம் முடிஞ்சா வெள்ளக்காரத் துரை காலம். எல்லாத்தையும் மாத்துனோம். ஒண்ண மட்டும் மாத்தல. மொதல்ல சாகுறது செல்வராணி அக்காதான். அந்தக் கத்தல் இல்லாம தொடர் எடுபடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரு. அதனால ஒவ்வொரு பாகத்துலயும் அக்காவுக்கு வேற பேரு, வேற வேலை, அதே சாவு. மொதல் பாகத்துல பால் வெட்டுறவங்க. அப்பறம் அவங்க தங்கச்சி. கொழும்புல சமையக்காரி. விண்கப்பல்லயும் ஒரு ஆளு சாகணுமே, நான் யோசிக்காம எழுதிட்டேன், கப்பலக் கூட்டுறவங்கன்னு.

அக்கா அதக் கையில வெச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சுச்சு. கோவப்படல. கோவப்பட்டிருந்தாத் தேவல. எங்கம்மாவும் கூட்டுறவங்கதான், அது எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்ல. அக்கா சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு, "வானத்துக்குப் போனாலும் நம்ம கையில வெளக்கமாறுதானா தம்பி?"

கண்டக்டர்

வரக்காப்பொலையிலருந்து கேகாலைக்கு வர்ற பஸ். கண்டக்டர் சிங்கள ஆளு, தமிழ் ஒரு சொல்லு தெரியாது. ஆனா ஒவ்வொரு பாகத்தையும் பஸ்ஸுல போட்டுக் கேப்பாரு, சத்தத்துக்காக. எழுதுறவன் நாந்தான்னு யாரோ காட்டிக்குடுத்துட்டாங்க. நேரா வந்து என் சீட்டுக்குப் பக்கத்துல நின்னாரு. அந்த அக்கா ஒவ்வொரு தடவையும் சாகுறது பாஷை தெரியாத அவருக்கே வெளங்கிருச்சு. தம்பி, அந்த அக்காவக் கொல்லாதப்பான்னு சிங்களத்துல பஸ்ஸே திரும்பிப் பாக்கிற மாதிரி கெஞ்சுனாரு, "மல்லி, அர அக்காவ மரன்ன எப்பா!"

கத்தார்லருந்து

பாகம் வெளிவர்றது புதன்கிழமை சாயங்காலம். முருகேசு அண்ணனுக்கு அங்க அது தேத்தண்ணி நேரம். கேட்டு முடிச்ச கையோட வீட்டுக்குப் போன் போட்டுருவாரு. வழக்கமா ஞாயித்துக்கிழமைதான் பேசுவாரு, அதுவும் வீட்டுச் செலவு, கூரை ஒழுகல், ரெண்டு பேச்சோட சரி. புதன்கிழமை மட்டும் உடனே அடிக்கும்.

அஞ்சாம் பாகத்தப்ப நான் அங்கதான் இருந்தேன். அக்கா குளிச்சு, தலை சீவி, போன மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. தன்னோட குரலக் கேக்கத்தான் இவ்வளவு ஆசையான்னு நெனச்சுக்கிட்டேன். கதையில துரை பங்களாவுக்குப் பின்னால வெச்சு அக்காவப் பால் முழுங்குச்சு. போன் அடிச்சுச்சு. அக்கா கொஞ்ச நேரம் திரும்பி நின்னு மெதுவாப் பேசிட்டு எங்கிட்டக் குடுத்துச்சு. திட்டு விழப்போகுதுன்னு எனக்கு வேர்த்துருச்சு. அண்ணன் திட்டல. கூட இருக்கிறவங்க எல்லாம் கதையக் கேட்டுச் சிரிக்கிறாங்களாம், இவரு கைகழுவப் போற மாதிரி எழும்பி வெளிய வந்துருவாராம். எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு. "கதைன்னு தெரியும் தம்பி. ஆனா கத்துறது எம் பொண்டாட்டிதானே."

சண்டை

அந்தப் பேச்சு என்னைய விடவே இல்லைங்க. ஆறாம் பாகத்த எப்படியோ கண்ண மூடிக்கிட்டு எழுதிக் குடுத்தேன். ஏழாம் பாகத்துக்கு சிவா அண்ணன் புது யோசனையோட வந்தாரு. பால் கடலுக்குள்ள போகுதாம், அங்க மீன் கழுவுறவங்களா அக்கா வந்து சாகணுமாம். நான் முடியாதுன்னுட்டேன். வாழ்க்கையில மொத தடவ அவரு முன்னால மேசையத் தட்டுனேன். கதை பெருசாகணும்னா கடலுக்கும் வானத்துக்கும் ஓட வேணாம்ண்ணே, லயத்துல இருக்கிறவங்க ஒரு தடவ தப்பிச்சா அதுவே புதுசுதானேன்னு கத்துனேன். அந்த ஆளுங்க ராத்திரி என்ன பேசுறாங்க, எதுக்குப் பயப்படுறாங்க, எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு நம்ம ஒரு தடவையாச்சும் எழுதியிருக்கமா?

அண்ணன் மேசைய நேராத் தள்ளி வெச்சாரு. அப்பறம் பாவமா ஒண்ணு கேட்டாரு. "அவங்க சாகலன்னா கேக்கிறவனுக்குப் பயம் எங்கருந்துடா வரும்?"

அக்கா பொழச்சது

கடைசியில எம்பக்கம்தான் ஜெயிச்சுச்சு. ஏழாம் பாகத்த எங்க தோட்டத்துக்கே திருப்பிக் கொண்டு வந்தேன். பால் தொட்டியிலருந்து எழும்புது, விஞ்ஞானி ஓடுறாரு, பட்டாளம் ஓடுது. அக்கா மட்டும் மூலையில இருந்த வாளியத் தூக்குது. விஷயத்தச் சொன்னப்ப அக்கா மொகத்துல சந்தோசத்தையே காணோம். "அப்ப கத்த வேணாமா தம்பி?"ன்னு மட்டும் கேட்டுச்சு. கூச்சம்னு நெனச்சுட்டேன் நானு, மடையன்.

புதன்கிழமை பாகம் வந்துச்சு. தோட்டமே கொண்டாடுச்சு. மறுநாள் காலையில வேலைக்கு ஆளு பிரிக்கிற பிரட்டுக்களத்துல, பேரு போடுறதுக்கு முன்னால ஆளுங்க கைதட்டுனாங்க, கங்காணி கூடச் சிரிச்சாரு. கண்டக்டர் எங்கிட்ட டிக்கட் வாங்கவே இல்ல. அப்பா ஏழு பாகமா மனசுக்குள்ள வெச்சிருந்த பாரத்த எறக்கி வெச்ச மாதிரி பெருமூச்சு விட்டாரு. "இப்பத்தான்டா நீ நம்ம பெக்டரிய எழுதியிருக்க!"

போன் வரல

அன்னைக்கு மத்தியானம் பால் நிறுக்கிற எடத்துல அக்காவப் பார்த்தேன். பாராட்டு வாங்கத்தான் போனேன், ஒளிக்க என்ன இருக்கு. அக்கா வாளிய எறக்கி வெச்சுட்டு, தலையில கட்டுன துணிய அவுத்து மொகத்தத் தொடச்சுச்சு. தொடச்சுக்கிட்டே இருந்துச்சு.

"அண்ணன் என்னக்கா சொன்னாரு? சந்தோசப்பட்டாரா?"

"போன் வரல தம்பி."

"வேலை போல."

"இல்ல. மெசேஜ் போட்டிருந்தாரு. நீ பொழச்சிட்ட, இனி நிம்மதியாத் தூங்குவேன், ஞாயித்துக்கிழமை பேசுறேன்னு." அக்கா எம் மொகத்தப் பாக்காம வாளியோட கைப்பிடியப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. "நான் செத்த அன்னைக்கெல்லாம் அவரு எப்படிப் பேசுவாரு தெரியுமா தம்பி? சாப்பிட்டியா, எங்க இருக்க, கிட்ட வந்து பேசுன்னு, கல்யாணம் கட்டுன புதுசுல பேசுற மாதிரிப் பேசுவாரு. குரல் நடுங்கும்."

குளிச்சுத் தலை சீவிப் போன மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த அந்தச் சாயங்காலம் இப்பதான் எனக்கு வெளங்குச்சு. பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லார் சொன்னதையும் கேட்டு எழுதுனவன், சாகணுமா பொழைக்கணுமான்னு அந்த ஒரு மனுசிகிட்ட மட்டும் கேக்கல. லயத்து ஆளுங்க மனசத் தெரிஞ்சவன்னு சிவா அண்ணன்கிட்ட மேசையத் தட்டுனது நெனவுக்கு வந்துச்சு. வெக்கத்தோட மன்னிச்சுக்கங்கக்கான்னு சொன்னேன்.

அக்காவோட வாளிய நிறுக்கக் கூப்பிட்டாங்க. தூக்கிக்கிட்டு ரெண்டு அடி போயிட்டுத் திரும்பிச்சு. "அடுத்த பாகத்துல என்னையக் கொன்னுருங்க தம்பி, நல்லா சத்தமாவே கத்துறேன்."

அசிட் ஊத்திக் கட்டியாக்குன பிசாசுக்கு மறுபடி எப்படி உயிர் குடுக்கிறதுன்னு இப்ப நானும் சிவா அண்ணனும் மண்டையப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், தொடர் ஓடணும்கிறதுக்காக இல்லைங்க, புதன்கிழமை சாயங்காலம் எங்க லயத்துல ஒரு போன் அடிக்கணும்கிறதுக்காக.