அசாஸின் என்றொரு பெரிய வார்த்தை

கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை போட்டு, ஊரார் சாவையெல்லாம் இங்கிலீஷாக்கிச் சோறு தின்பது லேசான பிழைப்பு இல்லை. அடுத்தவர் அழுகையைத் தட்டச்சு செய்யும் சகோதரர்களுக்கு இது புரியும். தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் சொல்கிறேன்.

மந்திரிக்கு ஒன்று, வியாபாரிக்கு ஒன்று

எரியோடு பக்கத்துக் கிராமத்தில் சவரிமுத்து என்ற வெங்காய வியாபாரியைக் கூலிப்படை வெட்டிக் கொன்றது. பிடிபட்டவர்கள் விடுதலையாகிவிட்டார்கள். ஹைகோர்ட் அப்பீலுக்காக அவர் மனைவியின் சாட்சியத்தை மொழிபெயர்க்கச் சொல்லி வக்கீல் கொடுத்தார். நானும் கொன்றவர்களுக்குப் பெருமையாக 'அசாஸின்' என்று அடித்துவைத்தேன்.

பாரசீக மலைக்கோட்டைகளில் இருந்துகொண்டு பெரிய தலைகளைச் சாய்த்த ஒரு கூட்டத்துக்கு அரபியில் விழுந்த பேர் அது. கஞ்சா தின்னிகள் என்று எதிரிகள் வைத்த வசை என்பார்கள். சிலுவைப் போருக்குப் போனவர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். எல்லாவற்றையும் வக்கீலுக்கு விளக்கினேன். அவர் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு 'மர்டரர்' என்று எழுதினார்.

"செத்தவன் வெங்காய யாவாரிய்யா. அந்தப் பெரிய வார்த்தைய மந்திரிமாருக்கு எடுத்து வையி."

பேர் கேட்டவர்கள்

மறுநாள் சவரிமுத்துவின் மனைவி லூர்துமேரியே கடைக்கு வந்தார். சவேரியார் கோயில் ஊர் என்பதால் அங்கே தெருவுக்கு நாலு சவரிமுத்து. வெட்ட வந்தவர்களுக்கு ஆளின் முகம் தெரியாது. "நீதான் சவரிமுத்தா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் "ஆமாப்பு, என்ன வேணும்?" என்றிருக்கிறார்.

வரப்புத் தகராறில் இருந்த வேறொரு சவரிமுத்துவைத் தேடித்தான் வந்தார்கள் என்று லூர்துமேரி அடித்துச் சொன்னார். ஊரோ, ஒன்றுமில்லாமலா கூலிப்படை வரும் என்று பேசியது. மகளைப் பெண் கேட்டு வந்தவர்களும் அதைக் கேட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். ஆள் மாறிப்போனதைச் சாட்சியத்தில் சேர்க்கச் சொல்லி அழுதார். கோர்ட்டில் சொல்லாததை நான் எப்படிச் சேர்ப்பேன்?

"எம் புருசன் யாருக்கும் கெடுதல் பண்ணலன்னு ஒரு வரி சேத்தா, ஒங்க மிசினு தேஞ்சா போயிரும்?"

பேர் சொல்லாதவர்

சில மாதம் கழித்து, ஒரு மனு அடிக்க வேண்டும் என்று ஒருவர் வந்தார். பேர் கேட்டேன். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் ரேஷன் கார்டை நீட்டினார். சவரிமுத்து, அதே ஊர். வரப்புத் தகராறா என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லூர்துமேரி மகளின் கல்யாணம் தட்டிப்போனதைச் சொல்லி, தேடி வந்தது உங்களைத்தான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்று கேட்டேன். அவர் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏவி விட்டவன் இப்பத்தான் சார் சும்மா இருக்கான். நான் வாயத் தொறந்தா, இந்தத் தடவ ஆளச் சரியா வெசாரிச்சுட்டு வருவானுக."

மந்திரியைக் கொன்றவனுக்கும் வியாபாரியைக் கொன்றவனுக்கும் தனித்தனி வார்த்தை வைத்திருக்கிற இங்கிலீஷ், ஆள் மாறிச் செத்தவனுக்கு ஒன்றும் வைக்கவில்லை, தமிழும்தான்.