பதினேழாம் இலக்கப் பெட்டி

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், பொங்கல் முடிந்து இரண்டாவது கிழமை. திருகோணமலைக் கோட்டைக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த நாங்கள், பாலையூற்றில் கட்டிய சொந்த வீட்டுக்குக் குடிபோனோம். தூரம் என்னவோ இரண்டு மூன்று மைல்தான். ஆனால் அதற்கு நான் செய்த ஆயத்தங்களைப் பார்த்தவர்கள், இந்த மனுஷன் குடும்பத்தோடு கப்பலேறப் போகிறான் என்றே நினைத்திருப்பார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் துறைமுகத்தில் சாமான் எண்ணுகிற கிளாக்கர். கப்பலில் ஏறுகிற தேயிலைப் பெட்டிகளையும், இறங்குகிற மா மூட்டைகளையும் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் சரி போடுவதுதான் வேலை. பதினொரு வருஷம் இதைச் செய்தவனுக்கு உலகத்தில் இரண்டு வகை மனிதர்தான் தெரிவார்கள். பெட்டியை உடைத்தவர்கள் ஒரு வகை. உடைக்க இன்னும் சந்தர்ப்பம் கிடைக்காதவர்கள் மற்ற வகை. வெற்றுத் தேயிலைப் பெட்டிகளைக் கடைக்காரர் சும்மா தந்தபோதுகூட, ஏன் சும்மா தருகிறார் என்று ஒவ்வொரு பெட்டியின் அடிப்பலகையையும் தட்டிப் பார்த்துத்தான் எடுத்து வந்தேன்.

லொறிக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் ஆளைப் பேசியிருந்தேன்; அவர்களை ‘நானா’, அதாவது அண்ணா, என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். நாற்பது வயது இருக்கும், சிரித்த முகம். ஏற்றி இறக்கத் தன் மச்சானையும் கூட்டி வருவதாகச் சொன்னார். காலை ஆறரைக்கு நிற்பேன் என்றார். சொன்ன நேரத்துக்கு வருகிற லொறிக்காரரை நான் அதுவரை கண்டதில்லை. ஆறரைக்கு அவர் உண்மையாகவே வந்து நின்றபோது எனக்கு முதல் சந்தேகம் தட்டியது. இவ்வளவு ஆர்வம் என்னத்துக்கு?

என் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. தங்கச்சிக்கு வைகாசியில் கலியாணம். அப்பா இல்லாத வீடு. அவளுக்காக வருஷக்கணக்காக ஒவ்வொன்றாகச் செய்து சேர்த்த நகை முழுவதும் என் பொறுப்பில், ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தது. அது போனால் கலியாணமும் போகும். இன்னொரு தரம் சேர்க்க எனக்கு ஏலாது.

“அந்தத் தகரத்தை என்னட்டைத் தாங்கோ. நான் இடுப்பில முடிஞ்சுகொண்டு வாறன்” என்றாள் மனைவி.

“கள்ளன் முதலில பாக்கிறதே பொம்பிளையளின்ரை இடுப்பைத்தான்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், கள்ளனைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்ற கேள்வி இருந்தது.

என்னுடைய திட்டம் வேறு. துறைமுகத்தில் நான் கண்டது இதுதான்: ‘கவனம்’ என்று எழுதிய பெட்டியைத்தான் முதலில் உடைப்பார்கள். அதனால் முந்தின நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தேயிலைப் பெட்டியின் அடியில் தகரத்தை வைத்து, மேலே பிய்ந்த செருப்புகளை நிரப்பி ஆணி அடித்தேன். வெளியே கோதுமை மாப் பசையால் ஒரு தாளை ஒட்டி, உலகத்தில் எந்தக் கள்ளனும் தொட விரும்பாத வாசகத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். அதே மூளையோடு சிரட்டைக்கரி நிறைந்த பெட்டியில் ‘கண்ணாடி, கவனம்’ என்று எழுதினேன். நகைப் பெட்டிக்கு இலக்கம் பதினேழு. மனைவிக்கு அந்த இலக்கத்தை மட்டும் சொன்னேன். வாசகத்தைச் சொல்லவில்லை. அவள் தன் தமக்கைக்குச் சொல்லுவாள், தமக்கை ஊருக்குச் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

மொத்தம் முப்பத்தொரு பெட்டிகள். காலையில் லொறிக்குப் பின்னால் கொப்பியும் பென்சிலுமாக நின்று, ஏறின ஒவ்வொன்றுக்கும் சரி போட்டேன். பதினேழுக்கும் போட்டேன். மச்சான்காரர் சிரட்டைக்கரிப் பெட்டியைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்து ஏற்றினார். பதினேழை ஒற்றைக் கையால் தூக்கி ஒரு மூலையில் வைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அதற்குள் மனைவி அவசரப்படுத்தினாள். பால் காய்ச்ச வேண்டிய சுபநேரம் நெருங்கிவிட்டது. சாமிப்படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள் என்று முதலில் போக வேண்டியவற்றை மடியில் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் தங்கச்சியும் வாடகைக் காரில் முன்னால் போனோம். கயிறு கட்டிவிட்டுப் பின்னாலேயே வருவதாக லொறிக்காரர் சொன்னார்.

பால் பொங்கியது. தங்கச்சி விளக்கேற்றினாள். லொறி வரவில்லை.

பத்து நிமிஷம் பார்த்தேன். பதினைந்து நிமிஷம் பார்த்தேன். ஆறரைக்கு அவ்வளவு ஒழுங்காக வந்த மனுஷனுக்கு மூன்று மைல் வர இவ்வளவு நேரமா? படலைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து, புது வீட்டு மணலில் ஒரு வாய்க்காலே விழுந்துவிட்டது. கடைசியில் லொறி வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

இறக்கி எண்ணினேன். முப்பது. மறுபடியும் எண்ணினேன். முப்பதுதான். இல்லாதது எது என்று பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

“அண்ணா, பதினேழைக் காணேல்லை” என்றாள் தங்கச்சி. அவளுக்கும் மனைவி இலக்கத்தைச் சொல்லியிருந்தாள். அவளுடைய முகம் அப்படியே வெளுத்துப் போனது.

என் கொப்பியில் சரி கிடக்கிறது. ஆக, பெட்டி லொறியில் ஏறியிருக்கிறது. இறங்கவில்லை. நடுவில் இருந்தவர்கள் இரண்டே பேர். பதினொரு வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு தெளிவான வழக்கு எனக்கு வாய்த்ததேயில்லை.

“நானா, ஒரு பெட்டி குறையுது” என்றேன்.

“எந்தப் பொட்டி ஐயா?”

“அது உங்களுக்குத் தெரியும்தானே.”

அவருடைய சிரிப்பு நின்றது. “எனக்கு எப்பிடித் தெரியும்? அதில என்ன எழுதியிருந்திச்சு, செல்லுங்க.”

ஆகா, நகை எந்தப் பெட்டியில் என்று என் வாயாலேயே பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்போது என் மூளை அப்படித்தான் ஓடியது. எடுத்தவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்குமே, தெரியாதவர்தானே கேட்பார் என்ற சின்னக் கணக்குக்கூட எனக்கு ஓடவில்லை. “அதைச் சொல்ல ஏலாது” என்றேன்.

“என்ன பொட்டி எண்டு செல்லாட்டி நான் எப்பிடி ஐயா தேடுற?”

“நீங்கள் தேட வேண்டாம். நான் தேடுறன்.”

தேடினேன். லொறியின் பின்தட்டில் கிடந்த சாக்குகளை உதறினேன். முன்பக்கம் ஏறி இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே ஒரு தொழுகைப் பாய், புத்தம் புது விளக்குமாறு ஒன்று, அவர்களுடைய சாப்பாட்டுப் பார்சல். விளக்குமாற்றைப் பார்த்து, “இது ஏது?” என்றேன்.

“அதா? அது ஐயா, வார வழியில...” என்று அவர் தொடங்கினார்.

“கதையை விடுங்கோ” என்று வெட்டினேன். பிறகு செய்ததை எழுதக் கை கூசுகிறது. பார்சலை அவிழ்த்தேன். வாழையிலையில் புட்டும் மீன் ஆணமும். நகையை எடுத்துப் புட்டுக்குள் புதைத்திருக்கலாம் என்று விரலை விட்டுக் கிண்டிப் பார்த்தேன்.

மச்சான்காரர் ஓரடி முன்னால் வந்தார். லொறிக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, நான் கிண்டிய பார்சலைத் திரும்பச் சுற்றி ஒரு பக்கத்தில் வைத்தார்.

“பொலிசுக்குப் போறன்” என்றேன் நான்.

“வாங்க, நானும் வாறன்” என்றார் அவர். “லொறியும் அங்கேயே நிக்கட்டும். ஆனா பொலிசிலயும் பொட்டியில என்ன எழுதியிருந்த எண்டுதான் கேப்பாங்க. அங்க செல்லுறத இஞ்ச செல்லுங்களன்.”

தங்கச்சி தூணைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. “இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? பெட்டியில என்ன எழுதினீங்கள்? வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!”

சொன்னேன். “பழைய விளக்குமாறு, பிய்ஞ்ச செருப்பு, உடைஞ்ச சட்டி.”

மனைவி தலையில் கையை வைத்தாள். “விளக்குமாறெண்டோ எழுதினீங்கள்? புது வீட்டுக்கு வாற பெட்டியில?”

லொறிக்காரரும் அதே நேரம் வாயைப் பொத்திக்கொண்டார். “அல்லாவே! அதையா கேக்குறீங்க? அத நான்தானே இறக்கி வெச்சன்!”

எங்கள் வழக்கத்தில், பழைய விளக்குமாற்றையும் பிய்ந்த செருப்பையும் உடைந்த சட்டியையும் குடிபூருகிற வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மூதேவியும் கூடவே வந்துவிடுவாள் என்பார்கள். இது எனக்குத் தெரியாததில்லை. கள்ளனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில் மூதேவியை மறந்துவிட்டேன். ஆனால் எங்கள் ஆட்களின் வீட்டுச் சாமான்களை வருஷக்கணக்காக ஏற்றி இறக்கிய அந்த மனுஷனுக்கு அது நினைவிருந்தது. கயிறு கட்டும்போது தாளை வாசித்திருக்கிறார். பாவம், கிளாக்கர் ஐயா அவசரத்தில் தெரியாமல் ஏற்றிவிட்டார், நல்ல நாளும் அதுவுமாக இதை எப்படிக் கொண்டுபோவது என்று இறக்கி, பழைய வீட்டுப் படலைக்கு வெளியே குப்பை அள்ளுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். புது வீட்டில் கூட்டுவதற்கு ஒன்றும் இருக்காதே என்று கடைத்தெருவில் இறங்கிப் புது விளக்குமாறும் வாங்கியிருக்கிறார். லொறி பிந்தியது அதனால்தான்.

“குப்பை அள்ளுற இடத்திலயோ?” என்றேன். “இண்டைக்குத்தானே நானா குப்பை வண்டி வாற நாள்!”

அடுத்த நிமிஷம் லொறியில் இருந்தோம். நடுவில் நான், இரண்டு பக்கமும் நான் கள்ளனென்று சொன்ன இருவர், மடியில் புது விளக்குமாறு. அந்த லொறி அவ்வளவு வேகமாக ஓடும் என்று செய்தவனுக்கே தெரிந்திருக்காது. சந்தைக்குக் கிட்ட ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தபோது லொறிக்காரர் தலையை வெளியே நீட்டி, “கலியாணப் பொம்புளட நகை போகுது, விலகுங்க!” என்று கத்தினார். அவ்வளவு பாடுபட்டு நான் மறைத்த ரகசியம் சந்தை முழுவதும் கேட்டது.

ஒழுங்கையில் திரும்பினோம். குப்பை வண்டி எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நின்றது. படலையடியில் பதினேழாம் இலக்கப் பெட்டி வைத்தபடியே இருந்தது. சனம் போய் வருகிற அந்த ஒழுங்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அதை எவரும் தொட்டிருக்கவில்லை. என் தந்திரம் அவ்வளவு அபாரமாக வேலை செய்திருந்தது. கோட்டையிலிருந்து இறங்கி வருகிற மான்களில் ஒன்று மட்டும் நின்று, மாப் பசையின் ருசிக்காக நான் ஒட்டிய தாளை நக்கித் தின்றுகொண்டிருந்தது. ‘விளக்குமாறு’ முழுக்கப் போய்விட்டது. ‘செருப்பு’ மட்டும் மிச்சம்.

நான் பாய்ந்துபோய்ப் பெட்டியைக் கட்டிப்பிடித்தேன். ஆணியைக் கழற்றி, செருப்புகளைக் கொட்டி, தகரத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. குப்பை வண்டிக்காரர், பழைய செருப்புக்காக ஒரு மனுஷன் இப்படி அழுவானா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது நான் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். இரண்டு தரமும் வீதியைப் பற்றி ஏதோ சொன்னேன்.

வீட்டில் தங்கச்சி தகரத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அண்ணனை விட்டுவிட்டு லொறிக்காரரைக் கும்பிட்டாள். மனைவி புது அடுப்பில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் ஆக்கியிருந்தாள். இருவருக்கும் பாயைப் போட்டு இலை விரித்தாள். அகப்பையை என் கையில் தந்து, “நீங்கள்தான் பரிமாற வேணும்” என்றாள். அவர்களுடைய சாப்பாட்டை நான் என்ன செய்து வைத்தேன் என்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

லொறிக்காரர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சோற்றுப் பானையோடு குனிந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. கண்ணில் ஒரு குறும்புகூட இருந்தது.

“ஐயா, ஒண்டு கேக்கட்டா? பவுண வெச்சிட்டுப் பொட்டியில விளக்குமாறு எண்டு எழுதி ஒட்டினீங்க. சரி. என்ட நெத்தியில என்ன எண்டு எழுதி ஒட்டினீங்க?”

மச்சான்காரர் குனிந்து இலையைப் பார்த்தார். அகப்பை என் கையில் அந்தரத்தில் நின்றது.

அவரே சொன்னார்: “சரி, சோத்தப் போடுங்க. பசிக்குது.”

போட்டேன். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்கள். போகும்போது புது விளக்குமாற்றை மனைவியிடம் கொடுத்தார். வைகாசியில் கலியாணத்துக்கு அவரைக் குடும்பத்தோடு அழைத்தேன்; வந்தார். மணவறைக்குப் பக்கத்தில் நின்று, தங்கச்சியின் கழுத்தைப் பார்த்து, “எல்லாம் சரியா இருக்கா, எண்ணிப் பாத்தீங்களா?” என்று என் காதுக்குள் கேட்டு என்னைச் சிரிக்க வைத்தார்.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் இன்றைக்கும் முன்பின் தெரியாத ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தால், என் மனம் பழைய பழக்கத்தில் அவருடைய நெற்றியில் ஒட்ட ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கிவிடுகிறது. அந்த மனுஷனுக்கு அன்று சொல்ல முடியாமல் போன பதில்தான் ஒவ்வொரு தரமும் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.