திரும்பி வராத இரண்டு விரல்கள்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆய்வகத்துக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது ஜெசிந்தாவின் அம்மா அழைத்தார். "தென்னூர் வீட்டுக்கு வந்துரும்மா. அவசரமில்ல, மெதுவா வா," என்றார். அவசரமில்லை என்றதிலேயே அவள் போய்விட்டாள் என்று தெரிந்துவிட்டது.

ஆய்வகத்தில் அவளோடு இருந்த உங்களுக்கு எங்கள் வேலை தெரியும். அவள் வீட்டாருக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு விரலின் தொடுஉணர்வுக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. அந்த இடங்கள் பழக்கத்தால் எப்படி அமைகின்றன என்று கணினியில் மாதிரி செய்து பார்த்தோம். ஐந்து விரலுக்கு ஐந்து நிறம். ஜெசிந்தா ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "மூளையும் நம்ம டவுன் பஸ்தான்டி. எழுந்தா சீட்டு போச்சு."

நான் கூட்டங்களில் பேசமாட்டேன். "முதல் பட்டதாரின்னு சான்றிதழ் வாங்கிட்ட. வாயைத் தொறக்க யாரு கையெழுத்து போடணும், தாசில்தாரா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்.

சென்ற ஆண்டு மூளையிலிருந்த கட்டியை எடுத்தபின் அவள் வலது கை மரத்துப்போனது. "மாடல்ல அதே அளவு வெட்டிட்டு ஓட்டிப் பாரு. விரலெல்லாம் பக்கத்துல இடம் பிடிக்குதான்னு சொல்லு," என்றாள். ஓட்டினேன். ஐந்து நிறங்களும் திரும்ப வந்தன. அந்தப் படத்தைத் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டு, தினமும் கேழ்வரகுக்குள் விரல்களை விட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் தவறு தெரிந்தது. வெட்டுவதற்கு முன் சேமித்திருந்த ஃபைலைத் திறந்து படம் எடுத்திருக்கிறேன். சரியாக ஓட்டியபோது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வரவேயில்லை. சொல்லத்தான் போனேன்.

"திரும்ப ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அதேதானே?"

"அதேதான்."

"கட்டைவிரல் லேசா தெரியிற மாதிரி இருக்குடி," என்றாள்.

நான்கு மாதம் தேய்த்தாள். விரல்கள் சிவந்து தோல் உரிந்தது. அவளுக்கு அது தெரியாது. அம்மாதான் மருந்து போட்டார். கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. கடைசியாகப் பார்த்தபோது, "மாடல்ல வந்துச்சு, எனக்கு வரல. நான்தான் ஒழுங்கா செய்யல போல," என்றாள். அப்போதும் நான் பேசவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கான நினைவு அட்டையில் அவள் தலைமாட்டில் இருந்த அந்த ஐந்து நிறப் படத்தைப் போடலாம் என்கிறீர்கள். போடாதீர்கள். அது வெட்டுவதற்கு முந்தைய படம். அவள் ஒழுங்காகத்தான் செய்தாள்.

சரியான படம் என்னிடம் இருக்கிறது. மூன்று நிறம்தான். அதை அவள் பார்க்கவில்லை. நான் வைத்துக்கொள்கிறேன்.