கார்டில் தனி ஆள்

தாண்டவராயனுக்குக் கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். அவருடைய ஈ.எஸ்.ஐ. கார்டுப்படி அவர் இன்னும் தனி ஆள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்த வாரம் அவரையும் அவர் மனைவி தேவயானியையும் என் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாலு டாக்டர் வாசலுக்கு அலைந்தவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் இரண்டு பேர் வீடும் உத்திரமேரூரில் ஒரே தெரு. அவருக்கு ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி வேலை, கான்ட்ராக்டில். மாசாமாசம் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்கென்று பிடிக்கிறார்கள்; அந்தக் கார்டைக் காட்டினால் குடும்பத்துக்கே வைத்தியம் இலவசம். ஏழு வருஷமாகக் கார்டு பர்ஸில் கிடந்ததே தவிர, ஒரு நாளும் அதை வெளியே எடுத்ததில்லை. உடம்புக்கு முடியவில்லையென்றால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போகிற ஆள்.

கார்டு தேவைப்பட்டது தேவயானிக்குத்தான். ஒரு மாசமாகக் குடம் தூக்கினால் மூச்சு வாங்கியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து பத்து நாள் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. ஒரே டாக்டரிடம் தொடர்ந்து காட்டச் சொன்னார்கள். வெளியே காட்டக் கையில் காசு இல்லை. அதனால் கார்டை எடுத்துக்கொள்ளும் டாக்டரைத் தேடக் கிளம்பினோம்.

முதல் கிளினிக்கில், "அட்மிஷன்னா சொல்லுங்க, சும்மா பாக்கறதுக்குக் கார்டு செல்லாது" என்றார்கள். அடுத்ததில், போன வருஷம் வரை எடுத்துக்கொண்டிருந்தோம், இப்போது நிறுத்திவிட்டோம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் போர்டு இருந்தது, டாக்டர் இல்லை. சென்னைக்குப் போய் இரண்டு வருஷமாம். அந்தப் போர்டைக் கழற்ற ஒருத்தருக்கும் கை வரவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாண்டவராயன் கோபப்படவில்லை. மூன்று நாள் லீவு போனதுதான் அவருக்குக் கவலை.

நாலாவது டாக்டர் செங்கல்பட்டுப் பக்கம், ஒரு மாடியில். வயசானவர். கார்டை எடுத்துக்கொள்வார் என்று கேட்டதும் நிம்மதியில் தேவயானி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைத்தாங்கலாக மேலே கூட்டிப்போனோம்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சசிரேகா என்ற பெண் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். "இன்னா சார், குடும்பம்னு ஒருத்தர் பேரும் இல்லியே. தனி ஆள்னு கீது."

அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலையில் சேர்ந்த அன்று பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் வைத்து ஏஜென்ட் ஃபாரம் நிரப்பினான். "குடும்பம்னு போட்டா போட்டோ, ஆதார் எல்லாம் ஏத்தணும், லேட்டாவும். இப்பத்திக்குத் தனி ஆள்னு போட்டுக்கினு போவலாம், அப்பால மாத்திக்கலாம்ணா" என்றான். எங்கள் பக்கம் கம்பெனிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தலையாட்டிவிட்டு வந்தவர்கள். அதற்குள் கான்ட்ராக்டர் இரண்டு தடவை மாறிவிட்டார். அந்த 'அப்பால' வரவேயில்லை.

"உங்களப் பாக்கலாம் சார். அவங்களப் பாக்க முடியாது. பேர் சேக்கணும்னா கம்பெனியாண்டதான் போவணும்" என்றாள் சசிரேகா.

தாண்டவராயன் கார்டை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "எனக்கே டோக்கன் போடும்மா" என்றார்.

டாக்டர் அறைக்குக் கதவு இல்லை, திரைதான். வெளியே பெஞ்சில் இருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது. "எனக்குத்தான் சார், ஒரு மாசமா மூச்சு வாங்குது. படியேறுனா நெஞ்ச அடைக்குது." தேவயானி என்னைப் பார்த்தாள். பெண்டாட்டியின் நோவை ஒன்றுவிடாமல் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன். மாத்திரை வாங்கி அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு.

டாக்டர் பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இது ஒரு மாசத்துக் கதை இல்லையே ஐயா, உங்க இதயம் ரொம்ப நாளாவே கெட்டிருக்கு. இப்பவே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில சேரணும். ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

"சார், நான் பொய் சொன்னேன் சார்." நாற்காலி நகர்ந்தது; தாண்டவராயன் எழுந்துவிட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல. மூச்சு வாங்கறது என் சம்சாரத்துக்கு. வெளிய குந்திக்கினு கீது."

"நீங்க பொய் சொல்லலாம். மெஷின் சொல்லல."

டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு சசிரேகா பெஞ்சுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "கூட யாரு போறது? சொந்தக்காரங்க பேர் வேணும்."

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேவயானி எழுந்தாள். இரண்டு மூச்சு வாங்கிய பிறகுதான் பேச்சு வந்தது. "நாந்தாம்மா. தேவயானி. அவரு சம்சாரம்."

சசிரேகா கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்துத் தாளில் 'மனைவி' என்று எழுதினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை தேவயானி அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தனக்கு மாத்திரை வேண்டும் என்று ஒருவரிடமும் அவள் கேட்கவில்லை.